350 ரூபாய் மடக்குக் கத்தி போதாதா?

வாழைத்தோப்பு (சோழவந்தான்):
போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு சிநேகிதர் தோப்புக்கு வந்தார். பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து, கட்டைவிரலால் டக்கென்று திறந்து காட்டினார். விலை 4,000 ரூபாயாம். என்னுடையது பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாட்பாரத்தில் பேரம் பேசி வாங்கியது, 350. இரண்டையும் வைத்து வாழையிலை அறுத்தோம், சொட்டுநீர்க் குழாய் வெட்டினோம், உர மூட்டைத் தையலைப் பிரித்தோம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வாங்கி இரண்டு வருஷமாகிறது, இதுவரை குறை வைத்ததில்லை. மீதி 3,650 எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஸ்டீல் பெயரை மட்டும் மந்திரம் மாதிரி ஒப்பிக்க வேண்டாம்.

டவுன்ஹால்ரோடு77:
ஒப்பிக்காமல் எப்படிண்ணே சொல்வது? விஷயமே அதில்தானே இருக்கிறது. கத்தியில் வெறுமனே ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் அடித்திருந்தால் அது பெரும்பாலும் 420 வகை ஸ்டீல். அதில் 420ஜே2 என்ற ரகத்தில் கார்பன் 0.3 சதவீதம் வாக்கில்தான் இருக்கும். துரு ஏறாது, ஆனால் கூர் நிற்காது. சீனாக்காரர்களின் 8சிஆர்13எம்ஓவி என்ற ஸ்டீலில் கார்பன் 0.8, குரோமியம் 13 வாக்கில். 440சி என்ற ரகத்தில் கார்பன் ஒன்றை ஒட்டி, குரோமியம் 16 முதல் 18. குரோமியம் துருவைத் தடுக்கும். கார்பன் கூடினால் அலகை அதிகம் கடினமாக்கலாம், கூர் நிற்கும். சான்ரென்மு, கான்சோ என்ற சீனக் கம்பெனிகள் இரண்டும் இந்த ரக ஸ்டீலில் குறைந்த விலைக்குக் கத்தி போட்டுத்தான் பெயர் வாங்கின. 4,000 தேவையில்லை, அதில் பாதி போதும். ஆனால் 350 போதாது.

வாழையிலையை வைத்துக் கத்தியை எடை போடாதீர்கள். ஒரு வாரம் அட்டைப்பெட்டி அறுத்துவிட்டு அதே கத்தியால் தக்காளியைத் தொட்டுப் பாருங்கள்.

திருப்பாச்சி_பேரன்:
தம்பி சொல்வதில் பாதி சரி. பெயரைப் பார்த்தால் என்ன இரும்பு என்று தெரியும், பதம் தெரியாது.

எங்களுக்குத் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர்போன ஊர், தாத்தா காலம்வரை வீட்டில் பட்டறை இருந்தது. எல்லாப் பட்டறைக்கும் ஒரே சரக்குதான், லாரி ஸ்பிரிங் பட்டை. ஆனால் ஒருவர் அடித்த அரிவாள் கருவேலங்கட்டையை வெட்டினாலும் வாய் மடங்காது. பக்கத்துப் பட்டறை அரிவாள் அதே கட்டையில் பல் பல்லாகப் பெயர்ந்து வரும். சிவக்கக் காய்ச்சியதை எந்த நிறத்தில் எடுத்து முக்குகிறார்கள், அப்புறம் எவ்வளவு இளஞ்சூடு காட்டி முறுக்கைத் தணிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாத்தா வெயிலில் காய்ச்ச மாட்டார். நிறம் தெரியாது என்று உள்ளே இருட்டில்தான் வேலை.

சீனக் கத்திக்கும் இதே கதைதான். பதம் தப்பிய 440சியைவிடப் பதமான சாதா ஸ்டீல் நன்றாக உழைக்கும். சுவிஸ் கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ் அலகின் கடினம் ராக்வெல் கணக்கில் 56 வாக்கில்தான். இன்றைக்கு இருக்கும் கத்திகளோடு பார்த்தால் கொஞ்சம் மென்மையான ரகம். 1884-இல் தொடங்கிய கம்பெனி, தெரியாமலா செய்கிறார்கள்? வீட்டுக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும், அதற்காகத்தான்.

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கத்தி முதுகில், பிடியை ஒட்டிய இடத்தில், சின்ன அரம் ஒன்றை லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. கொஞ்சம் கீறினால்கூடப் பரவாயில்லை. அழுத்தாமலே கரகரவென்று கடித்துத் துகள் கொட்டினால் அது பச்சிரும்புக்குத் தம்பி.

இன்னொன்று. நல்ல கத்தியையும் தெருவில் சாணை பிடிக்கக் கொடுத்துக் கெடுக்கிறோம். சக்கரத்தில் பொறி பறக்க அழுத்தும்போது வாய் ஓரம் நீலம் பாரித்தால் பதம் போச்சு. தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த 4,000 ரூபாய்க் கத்தி ஐந்தே நிமிஷத்தில் 350 ரூபாய்க் கத்தியாகிவிடும்.

கொடுமணல்_காதலன்:
உலகத்துக்கே உருக்கு செய்து அனுப்பியவர்கள் நாம். நொய்யல் கரையில் உலைத் தடயமே கிடைத்திருக்கிறது. ‘உருக்கு’ என்ற நம் சொல்தான் வெள்ளைக்காரன் வாயில் ‘வூட்ஸ்’ ஆனது, அந்தக் காலத்து நம் ஊர் உருக்குக்கு அவன் வைத்த பெயர். நாம் போய்ச் சீனக் கத்திக்கு…

டவுன்ஹால்ரோடு77:
கன்னடக்காரர்கள் ‘உக்கு’ எங்களுடையது என்று வருவார்கள். அதற்குத் தனித் திரி போடுங்கள் அண்ணே. ஆனால் நல்ல நேரத்தில் ஞாபகப்படுத்தினீர்கள். அந்தக் காலத்து உருக்கு வாளில் இருந்த மாதிரி மலிவுக் கத்தியில் அலை அலையாக ‘டமாஸ்கஸ்’ கோலம் தெரிந்தால் பெரும்பாலும் அது லேசரில் மேலாகப் போட்ட படம். இரண்டு முறை கல்லில் தேய்த்தால் கோலம் அழிந்துவிடும்.

பூக்கட்டும்_அக்கா (மாட்டுத்தாவணி):
பதினைந்து வருஷமாகப் பூ கட்டுகிறேன். நார் அறுக்க சேவிங் பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பக்கத்தில் துணி சுற்றி வைத்துக்கொள்வேன். மழுங்கினால் அடுத்த பாதி. எந்தக் கம்பெனிக் கத்தியும் அந்தக் கூருக்கு வராது.

என் தம்பி ஓபினெல் வாங்கித் தருகிறேன் என்றான். பார்க்க அழகுதான், பிரான்ஸ் கத்தி. 1890-இலிருந்து செய்கிறார்களாம். கழுத்தில் திருகும் வளையம் 1955-இல் வந்தது, அதைத் திருப்பிவிட்டால் அலகு மடங்காது. ஆனால் பிடி பீச் மரம். ஈரம் பட்டால் மரம் ஊதும், அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். என் கடையில் நாள் பூரா தண்ணீர் தெளித்தபடி இருப்போம். அதனால் வேண்டாம் என்றேன். நல்ல கத்திதான், என் இடத்துக்குத்தான் ஆகாது.

வாழைத்தோப்பு (சோழவந்தான்):
அக்கா என் கட்சி! 5 ரூபாய் பிளேடு முன்னால் யாரும் நிற்க முடியாது. டவுன்ஹால் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்குக் கூர் போனால் கிணற்றடிக் கல்லில் இரண்டு தேய்ப்பு. அதற்கு எதற்கு 2,000 ரூபாய்?

டவுன்ஹால்ரோடு77:
சரி, ஸ்டீலை விடுங்கள். என் வலது கை ஆள்காட்டி விரலைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நானும் உங்கள் கட்சிதான். ஆன்லைனில் 500 ரூபாய்க்கு ஒரு கத்தி. பெயர் வேண்டாம், அதே அச்சில் பத்துப் பெயரில் வருகிறது. லைனர் லாக். அதாவது பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியை முட்டுக்கொடுத்து நிற்கும். ஒரு நாள் கோணி ஊசி போட்ட மூட்டையில் முனையைக் குத்தி, மேலே நெம்பினேன். டிக் என்று ஒரு சத்தம். அலகு மடங்கி விரலில் உட்கார்ந்துவிட்டது. நாலு தையல். மழைக்காலத்தில் இன்னும் அந்த இடம் மரத்துப்போகும்.

அப்புறம்தான் அந்தத் தகட்டைக் கவனித்தேன். அலகின் அடியில் ஓரமாக, நகக்கண் அளவுகூட இல்லாமல் தொட்டுக்கொண்டிருந்தது. பாதித் தகடாவது உட்கார வேண்டும். பாக்கெட் பஞ்சு வேறு உள்ளே அடைந்திருந்தது. காசு கூடக் கொடுப்பது பளபளப்புக்கு இல்லை அண்ணே, அந்தத் தகடு சரியாக உட்கார்வதற்கு.

சிம்மக்கல்_ஹார்டுவேர்:
கடைக்காரன் என்ற முறையில் ஒன்று. பூட்டே இல்லாத கத்தியில் இந்த மாதிரி அடிபட்டவர்கள் என்னிடம் குறைவாகத்தான் வந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பேனாக்கத்தி, சுவிஸ் கத்தியில் மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம் வரும் ரகம், எல்லாமே வெறும் ஸ்பிரிங் அழுத்தம்தான். மடங்கும் என்று கைக்குத் தெரியும், குத்தவோ நெம்பவோ போகாது. லாக் இருக்கிறது என்று நம்பினால்தான் முரட்டுத்தனம் வருகிறது. கையில் காசு கம்மியென்றால் பூட்டில்லாத நல்ல கத்தியாகப் பாருங்கள். மட்டமான லாக் வேண்டவே வேண்டாம்.

ஆணி தளர்ந்து அலகு ஆடினால் திருகிவிட்டு மரையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள். மூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

மேலூர்_மாப்ள:
இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால் போலீஸ் பிடிக்காதா?

சிம்மக்கல்_ஹார்டுவேர்:
ஆயுதச் சட்ட விதியில் ஆயுதமாகக் கணக்கிடும் அளவு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். பேனாக்கத்தி அதற்கு ரொம்பக் கீழே. ஆனால் நடுராத்திரியில் பைக்கை நிறுத்தும்போது அளவு சொல்லி வாதாடிக்கொண்டிருக்க முடியாது, கத்திக்கு வேலை இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் ஆகாது. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செல்போனையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

வாழைத்தோப்பு (சோழவந்தான்):
தம்பி விரல் கதையைப் படித்துவிட்டு ராத்திரி என் கத்தியை எடுத்துப் பார்த்தேன். லைனர் லாக்தான். தகடு ஓரமாகத்தான் தொடுகிறது. அலகைத் திறந்து வைத்து, விரலை ஒதுக்கிக்கொண்டு, கத்தி முதுகை மரக்கட்டையில் லேசாகத் தட்டினேன். மூன்றாவது தட்டில் மடங்கிவிட்டது. இரண்டு வருஷமாக இதை வைத்துத்தான் சொட்டுநீர்க் குழாயை நெஞ்சுப் பக்கமாக இழுத்து அறுத்திருக்கிறேன்.

ஆனாலும் 4,000 தர மாட்டேன். சிம்மக்கல் அண்ணே, பூட்டில்லாததில் உங்கள் கடையில் என்ன இருக்கிறது? சனிக்கிழமை இலைக்கட்டு இறக்க வருவேன். அரமும் கொண்டு வருகிறேன், திருப்பாச்சிக்காரர் சொன்ன மாதிரி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு.

சிம்மக்கல்_ஹார்டுவேர்:
வாங்க. அரம் இழுத்த கத்தி உங்களுடையது, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.