அவசரம்: ஒரு தடவை சுட்டதும் பம்ப் ஆக்‌ஷன் இறுகிக்கொள்கிறது

டெக்சாஸ்_குமரன்:
தெருவில் இரண்டு வீடு தள்ளித் திருட்டு. வீட்டில் பயப்படுகிறார்கள் என்று தெரிந்தவரிடம் ஒரு பழைய பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் வாங்கினேன், முன்பிடியைப் பின்னால் இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் வகை. ரேஞ்சில் முதல் தோட்டா நன்றாகச் சுடுகிறது, அப்புறம் பம்ப் பின்னால் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்? சனிக்கிழமைக்குள் சரியானால் நல்லது.

தோட்டாக்காரன்:
எந்த மாடல்? குழல் அளவு 12 போரா, 20 போரா? எந்தத் தோட்டா போட்டீர்கள்? சிக்குவது வெடித்ததா, வெடிக்காததா? அதெல்லாம் இருக்கட்டும், இப்போது உள்ளே ஏதாவது இருக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

மெக்கானிக்_மணி:
அரை இழுப்புதான், வேறொன்றுமில்லை. புதிதாகப் பிடிப்பவர்கள் பம்பை மெதுவாக, பாதி வரை இழுத்து நிறுத்திவிடுவார்கள். கோபமாக இழுங்கள்.

தோட்டாக்காரன்:
மணி, அவர் பாதியில் நிற்கிறது என்று சொல்லவில்லை. வரவே இல்லை என்கிறார்.

ரெஜிமென்ட்_ராகவன்:
வாங்கும் முன் கையேட்டைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி, ஏறியிருந்தால் பம்ப் பூட்டிக்கொள்ளும், ட்ரிகர் கார்டு பக்கம் உள்ள பட்டனை அழுத்தினால் விடும். இது பாலபாடம். பம்ப் துப்பாக்கி சிக்காது, சிக்கினால் பிடித்திருக்கும் கைதான் காரணம். 1918-ல் பிரான்சின் சேற்றில் அமெரிக்கர்கள் வின்செஸ்டர் 1897-ஐ வைத்துப் பதுங்குகுழிகளைத் துடைத்தார்கள். அது சிக்கியதா?

பழங்கணக்கு:
சிக்கியது ஐயா. அப்போது தோட்டாவின் உறை காகிதம். ஈரத்தில் ஊதிப்போய் சேம்பருக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள், நுழையாது. அதனால்தான் பித்தளை உறைக்குப் போனார்கள். அப்புறம், அவர் சுட்ட பிறகு இறுகுகிறது என்கிறார். சுட்டால் ஹேமர் விழுந்துவிடும், பூட்டும் விட்டுவிடும். உங்கள் பட்டனுக்கு இங்கே வேலையில்லை.

ரெஜிமென்ட்_ராகவன்:
காகிதம் ஊதினால் அது தோட்டாவின் குற்றம், துப்பாக்கியின் குற்றம் இல்லை. ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டு பம்பை மட்டும் அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுடுதல். அதற்குப் பயந்துதான் ஜெர்மனி 1918 செப்டம்பரில் புகார் கொடுத்தது.

பழங்கணக்கு:
புகார் வேகத்தைப் பற்றி இல்லை. 1907 ஹேக் ஒப்பந்தத்தின் 23-வது விதி, தேவையற்ற வேதனை தரும் ஆயுதம் என்பதுதான் வாதம். ஷாட்கனோடு பிடிபடும் அமெரிக்கக் கைதிக்கு மரண தண்டனை என்றார்கள். ஒருவனைத் தொட்டாலும் பதிலடி உண்டு என்று அமெரிக்கா சொன்னது. விஷவாயுவை அவிழ்த்துவிட்டவர்கள் ஈயக்குண்டுக்கு விதி பேசியது தனிக் கூத்து.

மெக்கானிக்_மணி:
கேட்டவர் எங்கே?

டெக்சாஸ்_குமரன்:
மன்னிக்கவும், வேலை. 12 போர். உள்ளே இப்போது ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டேன். ரொம்பப் பழையது, பெயர் தேய்ந்துபோயிருக்கிறது. சுடாத தோட்டாவைப் போட்டு பம்ப் செய்தால் அழகாக வெளியே விழுகிறது. சுட்டதுதான் வருவதில்லை. பெட்டியில் பெரிய ஈயக்குண்டுகள் போட்ட, வலு கூடிய 3 இன்ச் மேக்னம் பக்‌ஷாட்.

தோட்டாக்காரன்:
குமரன், இனி ஒன்றுகூடச் சுடாதீர்கள். குழலின் பக்கத்தில், சேம்பருக்கு மேலே என்ன பொறித்திருக்கிறது? 2¾ என்று இருந்தால் காரணம் அதுதான். பெட்டியில் போட்டிருக்கும் 3 இன்ச், சுட்ட பிறகு உறை விரிந்த நீளம். சுடும் முன் வாய் நட்சத்திரம் மாதிரி மடிந்திருப்பதால் தோட்டா குட்டையாக இருக்கும், குட்டைச் சேம்பரிலும் சுகமாக உட்காரும். சுட்டதும் அந்த மடிப்பு, சேம்பர் முடிந்து குழல் ஒடுங்கும் இடத்தில் போய் விரியும். வழி குறுகி அழுத்தம் ஏறும். உறை பிடித்துக்கொள்ளும், தப்பித் தவறிப் பின்னால் வந்தாலும், உறை வெளியே விழும் ஜன்னலில் முட்டும். சுடாதது சுலபமாக வருகிறது, சுட்டது வரவில்லை என்றால் உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ரெஜிமென்ட்_ராகவன்:
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்.

மெக்கானிக்_மணி:
சேம்பரில் துருவும் இருக்கலாம். எதற்கும் பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

ஹூஸ்டன்_அக்கா:
வீட்டுக்குள் மேக்னம் எதற்கு தம்பி? சாதாரண 2¾ பக்‌ஷாட்டிலேயே ஒன்பது குண்டு, ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல். நம் ஊர்ச் சுவர் இல்லை இது, ஜிப்சம் பலகை. நேராகத் துளைத்துக்கொண்டு குழந்தைகள் அறைக்குப் போகும். எந்தத் திசையில் யார் தூங்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

மெக்கானிக்_மணி:
அக்கா, சுடவே வேண்டாம். அந்தச் 'சரக்-சரக்' சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான். சுட்டாலும் குறி பார்க்கத் தேவையில்லை, குண்டு பரவும்.

ஹூஸ்டன்_அக்கா:
அறை நீளத்துக்கு ஒரு கை அகலம்கூடப் பரவாது, குறி பார்த்துத்தான் ஆகவேண்டும். ஒரு அட்டையை எட்டடியில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். சத்தத்துக்கு ஓடாதவன் வந்தால் நீங்கள் நிற்கும் இடத்தை நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி.

பழங்கணக்கு:
ராகவன் ஐயா, அந்த ட்ரிகர் விஷயம் 1897-க்குச் சரி. பின்னால் வந்த ரெமிங்டன் 870-ல் எல்லாம் கிடையாது. யாரும் முயன்று பார்த்து ஏமாற வேண்டாம்.

ரெஜிமென்ட்_ராகவன்:
870-ல் உண்டு என்று நான் எங்கே சொன்னேன்? இதாகா 37-ல் ரொம்ப நாள் இருந்தது. அதையும் எழுதுங்கள்.

டெக்சாஸ்_குமரன்:
2¾ தான் போட்டிருக்கிறது. நாளைக்கு துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோகிறேன். நன்றி அண்ணா.

தோட்டாக்காரன்:
குழல் வீங்கியிருக்கிறதா, விரிசல் உண்டா என்று அவரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சேம்பரை 3 இன்ச்சுக்கு நீட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஜன்னல் நீளாது. மிச்சத் தோட்டாவை வீட்டில் வைக்காமல் 3 இன்ச் சேம்பர் உள்ள யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

மெக்கானிக்_மணி:
எத்தனை பெட்டி இருக்கிறது? நான் டாலஸ்தான்.