43 இன்ச் டிவி: ஃபுல் எச்டி போதுமா, 4கே வேணுமா?

தருமபுரியில ஒரு ஹாலுக்கு 43 இன்ச் டிவி எடுக்கணும். சோபாவுக்கும் சுவருக்கும் 8 அடி. கேபிள் எஸ்டி (எச்டியை விடத் தெளிவு குறைஞ்ச படம்) பாக்ஸ், 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இன்டர்நெட் ரெண்டும் இருக்கு.

43 இன்ச் திரையோட அகலம் சுமார் 95 செ.மீ. ஃபுல் எச்டியில குறுக்கே 1920 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணுக்கு அது தனியாத் தெரியறது ஐந்தரை அடிக்குள்ளதான். அப்ப 8 அடியில, குறுக்கேயும் நெடுக்கேயும் ரெண்டு மடங்கு பிக்சல் இருக்கிற 4கே வீண்தானே? எஸ்டி சேனல்ல வர்றதே 576 வரி. அதை 2160 வரியா இழுத்தா, மட்டமான ப்ராசசர்ல முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆயிடும், கீழே ஓடுற எழுத்தோட ஓரம் கலங்கும்.

ஆனா லேப்டாப் மாட்டி 3 அடியில உக்காந்து எக்செல்லும் பாக்கணும். அதுக்கு 4கே தான் சரி. லேப்டாப்பை மாட்டுற எச்டிஎம்ஐ போர்ட் 2.0 இல்லாம 1.4 ஆயிருந்தா 4கே 30 ஹெர்ட்ஸோட (வினாடிக்கு 30 படம்) நின்னுடும், மவுஸ் இழுத்து இழுத்துப் போகும்.

கடையில பென்டிரைவ் டெமோதான் ஓட்டுறாங்க. மயில் தோகை விரிச்சா எல்லா டிவியும் அழகுதான்! தருமபுரி, கிருஷ்ணகிரியில கேபிள் போட்டுக் காட்டுற கடை எது? 43 இன்ச் 4கே-ல எஸ்டி சேனல் பாக்குறவங்க மாடல் பேரைச் சொல்லுங்க. ஓடுற எழுத்தை ஒரு போட்டோ எடுத்துப் போட்டா இன்னும் நல்லது.