முன்கதவு ஸ்பீக்கர் மாற்றியதும் பாஸ் குறைந்துவிட்டது, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போட்டே ஆக வேண்டுமா?

மலைக்கோட்டை_வாசி:

வணக்கம். என்னுடையது சின்ன ஹேட்ச்பேக், 2019 மாடல். கம்பெனி டச் ஸ்கிரீன் செட், நான்கு கதவிலும் சாதாரண காகிதக் கோன் ஸ்பீக்கர், கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கிடையாது. பாடகர் குரல் கம்பளிக்குள் இருந்து வருவது போல இருந்ததால், முன்கதவுகளுக்கு மட்டும் ஆறரை இஞ்ச் காம்பொனன்ட் செட் (ட்வீட்டர் தனியாக வருவது) வாங்கி உள்ளூர்க் கடையில் மாட்டினேன். டச் ஸ்கிரீன் செட்டை மாற்றவில்லை.

குரலும் வயலினும் இப்போது நன்றாகத் தெளிந்துவிட்டன. ஆனால் பாஸ் காணாமல் போய்விட்டது. கச்சேரி போட்டால் மிருதங்கத்தில் வலந்தலை (கூர்மையான நாதம் தரும் பக்கம்) மட்டும் கேட்கிறது, தொப்பி (கனத்த நாதம் தரும் பக்கம்) கேட்கவே இல்லை. பழைய ஸ்பீக்கரில்கூட இதைவிட நன்றாகக் கேட்டது. கடையில் சொன்னால், "கம்பெனி செட்டுக்குப் பவர் பத்தாது. ஆம்ப் போடுங்கள், சீட்டுக்கு அடியில் ஒரு சப், அதாவது பாஸுக்கான தனி ஸ்பீக்கர், வைத்துவிடலாம்" என்கிறார்கள். அவ்வளவு செலவு இப்போதைக்கு முடியாது. வேறு ஏதாவது வழி உண்டா?

கோவை_ஒலி:

ஆம்ப் இருக்கட்டும், முதலில் இதைப் பாருங்கள். ஃபேடரை முழுக்க முன்பக்கம் தள்ளி, பின்கதவு ஸ்பீக்கர் பாடாதபடி செய்யுங்கள். பாஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டு, பேலன்ஸை முழுக்க வலது, முழுக்க இடது, பிறகு நடு என்று மாற்றிக் கேளுங்கள். எந்த இடத்தில் பாஸ் அதிகம் என்று எழுதுங்கள்.

மலைக்கோட்டை_வாசி:

செய்து பார்த்தேன் சார். வலது மட்டும் பாடும்போது தொப்பி ஓரளவு கேட்கிறது. இடது மட்டும் வைத்தாலும் அப்படித்தான். நடுவில் கொண்டுவந்தால் இரண்டும் சேர்ந்து அதிகமாக வேண்டாமா? குறைகிறது!

கோவை_ஒலி:

அப்படியென்றால் ஒரு கதவில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுக்கிறது. 60 ஹெர்ட்ஸ் பாஸின் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல். உங்கள் இரண்டு கதவுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. அதனால் இரண்டு பக்க பாஸும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். குரலும் வயலினும் குட்டையான அலைகள் என்பதால் அவை இந்த அளவு பாதிக்காது. இதற்கு எத்தனை வாட் ஆம்ப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

சரிபார்க்க ஒரு பென்சில் பேட்டரி போதும். கதவின் உள்மூடியான டோர் பேடைக் கழற்றி, ஸ்பீக்கருக்கு வரும் கப்ளரை (வயர்களைச் சேர்க்கும் பிளக்கை) முதலில் பிடுங்கிவிடுங்கள். வயர் செட்டோடு இணைந்திருக்கும்போது பேட்டரி வைக்கவே கூடாது, செட் போய்விடும். பிறகு ஸ்பீக்கர் பக்கத்துக் கப்ளரில் பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸும் ஒரு நொடி மட்டும் தொடட்டும். கோன் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொண்டு, அடுத்த கதவில் அதே பின்களில் அதே மாதிரி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் அசைய வேண்டும்.

சேலத்து_ஸ்டீரிங்:

டோர் பேடைக் கழற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள் தம்பி. பழைய ஸ்பீக்கரில் பிளாஸ்டிக் சட்டமும் பஞ்சு ரிங்கும் சேர்ந்தே வந்திருக்கும், கதவு ஓட்டையோடு இடைவெளி இல்லாமல் உட்காரும். புது ஸ்பீக்கருக்கு அடாப்டர் ரிங் வைத்து அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் கோனின் பின்பக்கக் காற்று சந்து வழியாக முன்பக்கம் வந்து பாஸைக் கொன்றுவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள், விரல் நுழைகிற சந்து இருந்தால்கூட பாஸ் நன்றாகக் குறைந்துவிடும்.

அடாப்டர் எம்டிஎஃப் கட்டையில் செய்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கார் கதவு என்பது உள்ளே மழைநீர் வடிகிற இடம். ஐப்பசி மழை ஒன்று போதும், கட்டை ஊறி உப்பிவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ரிங் நல்லது. பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழித்துப்போட்டுவிட்டு வந்தால் மழைக்காலத்தில் கால் மிதியடி நனையும், ஏன் என்றே தெரியாது.

மலைக்கோட்டை_வாசி:

இரண்டு பேர் சொன்னதும் சரி! இடது கதவில் கோன் உள்ளே போனது. கப்ளரை வெட்டி, வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், அங்கேதான் மாறியிருந்தது. இரண்டு கதவிலும் ரிங் கிடையாது, மூன்று ஸ்குரூவில் ஸ்பீக்கர் தொங்கிக்கொண்டிருந்தது, கீழ்ப்பக்கம் நல்ல சந்து. இப்போது வயரை மாற்றி, ரிங் போட்டு, ஓரத்தில் பஞ்சு ஒட்டிவிட்டேன். தொப்பி வந்துவிட்டது. பாஸ் பழைய ஸ்பீக்கரைவிடக் கெட்டியாகவே இருக்கிறது.

ஆனால் வால்யூமைக் கூட்டினால் கதவு கடகடவென்று அதிர்கிறது, குரலும் கொஞ்சம் கீறுகிறது. இதற்காவது ஆம்ப் வேண்டுமா?

சேலத்து_ஸ்டீரிங்:

அதிர்வுக்கு டாம்பிங் ஷீட். பியூட்டைல் ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள், தார் ஷீட் நம் ஊர் வெயிலில் இளகி நாறும். வெளித் தகட்டின் உள்பக்கம், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒரு துண்டு. பிறகு உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை மூடுங்கள். ஒட்டும் முன் தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ரோலரால் நன்றாக அழுத்துங்கள். கதவின் அடியில் நீர் வடிகிற துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள், கதவு துருப்பிடித்துவிடும்.

கோவை_ஒலி:

கீறல், செட் தன் எல்லையைத் தாண்டுவதால் வருவது. அட்டைப்பெட்டியில் 50 வாட் × 4 என்று போட்டிருப்பார்கள், ஆனால் காரின் 14.4 வோல்ட்டில் நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சானலில் 20 வாட் சொச்சம்தான் சுத்தமாகக் கிடைக்கும். கம்பெனி ஸ்பீக்கர் குறைந்த பவரிலேயே சத்தமாகப் பாடுகிற லேசான கோன். உங்கள் புது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) அதைவிட 3 டெசிபல் குறைவாக இருந்தால், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் கேட்கும். கடைக்காரர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஈக்வலைசரில் பாஸை ஏற்றியிருந்தால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். செட்டில் ஹை பாஸ் ஃபில்டர் (ஓர் அளவுக்குக் கீழான கனத்த ஒலியைத் தடுப்பது) வசதி இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், தொப்பி கொஞ்சம் மெலியும், குரல் சுத்தமாகும். போதும் என்று தோன்றினால் அதோடு நிறுத்திவிடலாம்.

பிற்பாடு ஆம்ப் போட்டால் பிளஸ் வயர் நேராகக் கார் பேட்டரியிலிருந்து வரட்டும், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம். அது இல்லாமல் வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயரையே நேராக எடுத்துக்கொள்ளும் வசதி) உள்ள ஆம்பாகப் பாருங்கள், கம்பெனி செட்டை மாற்றாமலே இணைக்கலாம். கப்ளர் கிட் கேட்டு வாங்குங்கள், இனி ஒரு வயரையும் வெட்ட விடாதீர்கள்.

மலைக்கோட்டை_வாசி:

பாஸை நடுவில் வைத்ததும் கீறல் நின்றுவிட்டது அண்ணா. ஷீட் இந்த வாரம் வாங்குகிறேன். ஆம்ப் இப்போது வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு சீட்டுக்கு அடியில் சப் மட்டும் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். நானே மாட்ட முடியுமா?

கோவை_ஒலி:

அந்த சப்பில் ஆம்ப் உள்ளேயே இருக்கும், அதனால் மேலே சொன்ன பிளஸ் வயர், ஃபியூஸ் எல்லாம் அதற்கும் பொருந்தும். முதலில் சீட்டை முழுக்க முன்னும் பின்னும் நகர்த்தி, கீழே உயரம் அளந்துகொள்ளுங்கள். பிறகு சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது சைடு ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் டென்ஷனருடையது. மஞ்சள் கப்ளர் இருந்தால் நீங்களாகக் கை வைக்காதீர்கள், சீட்டைக் கழற்றும் வேலையை சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.