எம்.சி.ஏ. சேரலாமா என்று கேட்டிருந்தேனே, புதுப்பிப்பு

ஆத்தங்குடியில் டைல் பட்டறைக் கணக்கு வேலையை விட்டுவிட்டு எம்.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டில் முதுகலைப் பட்டம்) படிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 2020லிருந்து அது இரண்டு வருடப் படிப்புதான், அதனால்தான் ஆசையே வந்தது.

சரி, கணக்குப் போட்டுவிட்டேன். அப்பத்தா பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவரை பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினேன். கட்டணம் 90,000, காரைக்குடிக்குப் பஸ், புத்தகம் எல்லாம் 30,000. இதோடு முடிந்தது என்று கோடு போடப் போனேன். "ரெண்டு வருசம் சம்பளம் வராதேப்பா, அதை எங்க எழுதுன?" என்றார் அப்பத்தா. மாதம் 14,000 என்றால் 3,36,000! ஆக மொத்தம் 4,56,000. கட்டணத்தை மட்டும் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன், பெரிய செலவு அது இல்லவே இல்லை.

வரவு? படித்து முடித்துக் கோயம்புத்தூரில் மாதம் 25,000 சம்பளம் கிடைத்தாலும் ஹாஸ்டலுக்கு 7,000 போய்விடும், மிச்சம் 18,000, இப்போதைவிட 4,000தான் கூடுதல். அப்படியே நின்றால் போட்டதை எடுக்க ஒன்பதரை வருடம். ஆனால் எம்.சி.ஏ. முடித்த எங்கள் தெரு அக்கா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடமே 38,000 வாங்குகிறார், பட்டறையில் எனக்கு அப்படி ஏறவே ஏறாது.

சேர்கிறேன். கல்விக்கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கமாட்டார்கள், ஆனால் படிக்கும்போதே வட்டி ஏறும், அதனால் கட்டணத்துக்கு மட்டும்தான் வாங்கப்போகிறேன். சனி, ஞாயிறு கணக்கு எழுத வரச்சொல்லி முதலாளியும் சொல்லிவிட்டார்.