பதில்: சிம்பாலிக் லிங்க், ஜங்ஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சிம்பாலிக் லிங்க், சுருக்கமாக சிம்லிங்க், என்பது வேறொரு கோப்பையோ அடைவையோ (ஃபோல்டர்) காட்டும் சிறு கோப்பு. அதற்குக் 'குறியீட்டு இணைப்பு' என்ற சொல் ஏற்கெனவே பல மென்பொருள்களில் புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். புழக்கத்தில் உள்ளதைத் தேவையில்லாமல் மாற்றக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்தச் சொல் பயனரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். லினக்ஸில் 'படங்கள்' என்ற அடைவுக்குப் பக்கத்திலேயே ஒரு சிம்லிங்க் போட்டுவிட்டு, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் முழு விவரம் கேட்டுப் பாருங்கள். அளவு 21 பைட் என்று காட்டும். அடைவுக்குள் ஆயிரம் படங்கள் இருந்தாலும் அதே 21தான். 'படங்கள்' என்ற சொல்லில் யூனிகோடு கணக்குப்படி, புள்ளிகளையும் சேர்த்து, 7 குறிகள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக, சிம்லிங்க்குக்குள் இருப்பது ஒரு பாதை மட்டுமே, வெறும் எழுத்துகள். இலக்கை அழித்துவிட்டாலும் அந்த எழுத்துகள் அப்படியே இருக்கும். 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் வந்தபோதும் இதன் இயல்பு இதுதான். இங்கே எதுவும் எதனோடும் இணைந்திருக்கவில்லை.

சரி, பயனருக்கு இதனால் என்ன? சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் மூத்தோருக்குத் தமிழில் கணினி சொல்லித்தருகிறேன். காப்புநகல் (பேக்கப்) எடுக்கும் நிரல் ஒன்று, இலக்கை இழந்த சிம்லிங்க்கை 'உடைந்த இணைப்பு' என்று காட்டியதும், ஓர் ஐயா எழுந்துபோய் வைஃபை பெட்டியைப் பார்த்தார். "தம்பி, விளக்கு எரியுதே, எங்க உடைஞ்சிருக்கு?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். இணையத் தொடர்பும் இணைப்பு, மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, வலைமுகவரியும் இணைப்பு. நான்காவதாக இதையும் அந்தச் சொல்லின் தலையில் ஏற்றக்கூடாது.

என் பரிந்துரை 'பாதைச்சுட்டு'. சுட்டெழுத்து என்று பள்ளியில் படித்த எல்லாருக்கும் சுட்டு என்றால் என்ன என்று தெரியும். 'சுட்டி' வேண்டாம், அது மவுஸுக்குப் போய்விட்டது. 'பாதைச்சுட்டின் இலக்கு இல்லை' என்று எழுதினால், எதைத் தேட வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. நகலெடுக்கும்போதும் 'பாதைச்சுட்டை மட்டும் நகலெடு', 'இலக்கை நகலெடு' என்று இரண்டையும் தெளிவாகப் பிரித்துவிடலாம். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் டார் நிரல் இயல்பாகச் செய்வது முதலாவது. ஹெச் விருப்பம் கொடுத்தால் இரண்டாவது. இந்த இடத்தில் 'பின்தொடர்' என்று எழுதுவதையும் விட்டுவிடுவோம். அது இப்போது சமூக ஊடகச் சொல்.

அப்புறம் ஜங்ஷன். 'சந்தி' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே இரண்டு வழிகள் சந்திக்கவே இல்லை. விண்டோஸ் 2000இல் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையோடு வந்த இது அடைவுகளுக்கு மட்டும் உரியது. முழுப் பாதையைத்தான் ஏற்கும். அதே கணினியின் வேறொரு டிரைவுக்குப் போகலாம், வலையமைப்பில் பகிர்ந்த அடைவுக்குப் போக முடியாது. இந்த அடைவைத் திறப்பவரை அது சத்தமில்லாமல் வேறோர் அடைவுக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் 'மடைமாற்றி' என்கிறேன்.

இதைக் கண்டுகொள்ளாத நிரல்கள் படும் பாட்டைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, நிரல்கள் பயனரின் தரவை வைக்கும் 'லோக்கல்' அடைவுக்குள் 'அப்ளிகேஷன் டேட்டா' என்ற மடைமாற்றி ஒன்று இருக்கிறது. அது திரும்பவும் அதே 'லோக்கல்' அடைவுக்கே அனுப்பும், பழைய நிரல்கள் பழைய பெயரில் தேடினாலும் கிடைக்கட்டும் என்பதற்காக. உள்ளடக்கத்தைப் பட்டியலிட முடியாதபடி அதற்கு அனுமதி மறுப்பும் போட்டிருக்கிறார்கள். அந்தத் தடையை மீறும் உரிமையோடு ஓடும் காப்புநகல் நிரல், இது மடைமாற்றிதானா என்று சோதிக்காவிட்டால், உள்ளே உள்ளே என்று போய்க்கொண்டே இருக்கும், பாதையின் நீள வரம்பில் முட்டும்வரை. அழிக்கும் நிரல் இப்படி நுழைந்தால் இன்னும் மோசம். மடைமாற்றியை மட்டும் நீக்குவதாக நினைத்து இலக்கிலுள்ள கோப்புகளைத் துடைத்துவிடும். 'நீக்கவா?' என்று கேட்கும் பெட்டியில் எது நீங்கும் என்ற பெயர் சரியாக இருந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

ஹார்டு லிங்க்குக்கு 'வன் இணைப்பு' பொருந்தாது. அங்கே ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள், இரண்டும் சமம். ஒன்றை நீக்கினாலும் மற்றொன்றின் வழியே தரவு கிடைக்கும். 'இணைப்பெயர்' சரிவருமா? 'இணைப்பு' என்று தொடங்குவதாகக் கண் ஏமாறுமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. 'சமப்பெயர்' என்றும் வைக்கலாம். இந்த ஒன்றில் உங்கள் கருத்தை எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும் மறுப்பு வராவிட்டால், காப்புநகல் நிரலின் அடுத்த பதிப்புக்கான மொழிக்கோப்பில் பாதைச்சுட்டு, மடைமாற்றி என்றே சேர்த்துவிடுகிறேன்.