மோனேவுக்கு கை தட்டறதா, டியூபுக்கு கை தட்டறதா?

நீலக்கல்:
ஐரோப்பிய பெயின்ட்டிங்னு வாயத் திறந்தாலே ஜீனியஸ் ஜீனியஸ்னு ஒரே பஜனை. என் கட்சி வேற. கெமிஸ்ட்ரியால புதுக் கலர் வந்துச்சு, அதனால படம் வந்துச்சு, அவ்ளோதான். 1841ல பெயின்ட் அடைக்கற தகர டியூபுக்கு பேட்டன்ட் வாங்குனாங்க, அதுக்கு முன்னாடி அரைச்ச ஆயில் பெயின்ட்ட பன்னி மூத்திரப்பைல கட்டி வச்சு, குத்தி ஓட்டை போட்டு பிதுக்கணும், அந்த ஓட்டைய ஒழுங்கா அடைக்கவும் முடியாது, காஞ்சு போயிடும். டியூப் வந்ததும் பைல தூக்கிப் போட்டுட்டு ரயில் ஏறி ஆத்தங்கரைக்குப் போயிட்டாங்க. கூடவே விரிடியன் பச்சை, கேட்மியம் மஞ்சள்னு ஃபேக்டரி சரக்கு வேற. 1874ல மோனே, ரெனுவார்னு வெட்டவெளி வெளிச்சத்த வரைஞ்ச இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களோட கண்காட்சி. டியூப் இல்லன்னா மோனேவும் இல்ல செசானும் இல்லன்னு ரெனுவாரே சொன்னதா அவர் மகன் எழுதியிருக்காரு. வேற என்ன சாட்சி வேணும்?

கரித்துண்டு:
1841ல இருந்து 1874 வரைக்கும் 33 வருஷம் என்ன பண்ணாங்க பாஸ், மூடிய திறக்கத் தெரியலயா? இங்கிலீஷ் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 22லயே லண்டன் ஹாம்ஸ்டெட்ல வெட்ட வெளில உக்காந்து மேகத்த ஆயில்ல வரைஞ்சிருக்காரு, எந்த நேரம், காத்து எந்தப் பக்கம்னு பின்னாடி குறிப்பு வேற. கொஞ்ச வருஷத்துலயே பிரெஞ்சு ஓவியர் கோரோ இத்தாலி வெயில்ல உக்காந்து வரைஞ்சாரு. ரெண்டு பேருக்கும் வாய்ச்சது நீங்க சொல்ற அதே பன்னிப் பை காலம்தான். ஆசை முதல்ல, வசதி அப்புறம். அது சரி, டியூப கண்டுபிடிச்ச ஜான் ராண்ட் யாருன்னு பாத்தீங்களா? லண்டன்ல போர்ட்ரெய்ட் வரைஞ்சிட்டிருந்த அமெரிக்க ஓவியர். கெமிஸ்ட் இல்ல.

வெட்டிஆபீசர்:
எகிப்து மம்மிய அரைச்சு ப்ரவுன் கலர் செஞ்சாங்களே, அதுக்கும் கை தட்டணுமா? பர்ன் ஜோன்ஸ்னு ஒரு ஓவியரு விஷயம் தெரிஞ்சதும் டியூப தோட்டத்துல புதைச்சிட்டாராம். நான் போய்ட்டு வரேன்.

நீலக்கல்:
ராண்ட் விஷயத்துல மாட்டிக்கிட்டேன், ஒத்துக்கறேன். டியூப விடுங்க, நீலத்துக்கு வாங்க. ஆப்கானிஸ்தான் பதக்‌ஷான் மலைல வெட்டுன லாபிஸ்ங்கற நீலக் கல்லு வெனிஸ் வரைக்கும் வரணும், அதுல செய்யற கலர் பேரே அல்ட்ராமரின், கடலுக்கு அப்பாலேருந்து வந்ததுன்னு அர்த்தம். வந்த கல்ல சும்மா இடிச்சா நீலம் கிடைக்காது, சாம்பல் பூத்தாப்ல இருக்கும். சென்னினினு இத்தாலி ஓவியர் 1400 வாக்குல எழுதி வச்ச முறைப்படி பொடிய பைன் பிசின், மஸ்டிக் பிசின், மெழுகோட சேத்து உருண்டையாக்கி, மூணு நாளாவது தினமும் பிசைஞ்சு, அப்புறம் சாம்பல் காரத்தண்ணிக்குள்ள வச்சு அழுத்தணும், நீலம் தண்ணில இறங்கும், அழுக்கு பிசின்லயே தங்கிடும். தேங்காப்பால் கணக்குதான், முதல் பால் உசத்தி, கடைசில வர்றது வெறும் சாம்பல் கலர். இவ்ளோ பாடு பட்டா விலை என்னாகும்? 1485ல ஃப்ளாரன்ஸ்ல அநாதைக் குழந்தைங்க இல்லத்துக்கு கிர்லாண்டாயோ படம் வரைய ஒப்பந்தம் போடறாரு, அதுல நீலம் அவுன்ஸுக்கு நாலு ஃப்ளோரின் தங்கக் காசு பெறுமானதா இருக்கணும்னு எழுதியே வாங்கிட்டாங்க. மேரி மாதா அங்கி நீலமா இருக்கறது பக்தியா, பட்ஜெட்டா?

கரித்துண்டு:
ரெண்டும்தான். ஆனா நீங்க இப்ப பேசறது காசு கதை, கெமிஸ்ட்ரி கதை இல்ல, நைசா கட்சி மாறிட்டீங்க 😄. செயற்கை அல்ட்ராமரினுக்கு பிரான்ஸ்ல 6000 ஃப்ராங்க் பரிசு வச்சு 1828ல கிமேனு ஒரு பிரெஞ்சு கெமிஸ்ட் அத வாங்கினாரு, நீலம் சல்லிசாயிடுச்சு. அன்னைலேருந்து ஓவியமெல்லாம் நீலமாயிடுச்சா என்ன? டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் இருந்தது ஆம்ஸ்டர்டாம், உலகத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்குற துறைமுகம், மனுஷன் மண்ணு கலரும் ஈய வெள்ளையும் வச்சே பொழப்ப ஓட்டுனாரு. கிடைக்காமலா?

டர்பன்டைன்:
நான் ஆயில்ல வரையறவன், வேடிக்கை பாத்துட்டிருந்தேன், தாங்கல. ரெனுவாரோட குடைகள் படத்த எடுத்துக்குங்க. பாதிய 1881 வாக்குல வரைஞ்சு வச்சிட்டு நாலஞ்சு வருஷம் கழிச்சு மீதிய முடிச்சாரு. முதல்ல போட்டது கோபால்ட் ப்ளூ, அப்புறம் போட்டது செயற்கை அல்ட்ராமரின். ஸ்டைலும் மாறியிருக்கு, வலது பக்கம் பஞ்சு மாதிரி, இடது பக்கம் கோடு கோடா இறுக்கமா. ஸ்டைல் மாறுனதுக்கு நீலமா காரணம்? நடுவுல இத்தாலி போய் பழைய ஓவியர் ரஃபேலோட படங்கள பாத்துட்டு வந்தாரு, அது. ரெண்டு நீலமும் கடைலதான் இருந்துச்சு. எது வேணும்னு கை கேக்கும் சார், டப்பா சொல்லாது.

நீலக்கல்:
கை கேக்கும், ஆனா கடைசி வார்த்தை டப்பாவோடதுதான். ரெம்ப்ராண்ட் மண்ணு கலர்னீங்களே, அவரு ஸ்மால்ட்னு கோபால்ட் கண்ணாடித் தூள் நீலத்த எவ்ளோ போட்டிருக்காருன்னு தெரியுமா? அது எண்ணெய்ல கிடந்து சாம்பலாயிடும். இன்னைக்கு நாம ஆஹான்னு ரசிக்கற ப்ரவுன்ல கொஞ்சம் அவரு வச்சதே இல்ல. வான்கோ படுக்கையறை படத்துல சுவர் நீலம்னுதான நினைச்சிட்டிருக்கோம்? அது ஊதா. கலந்திருந்த சிவப்பு வெளிச்சத்துல ஓடிப் போயிடுச்சு, நீலம் தங்கிடுச்சு. இப்ப நாம பாக்கறது வான்கோ படமா, ரசாயனத்தோட படமா?

கரித்துண்டு:
நல்ல அடி. ஆனா இந்தக் கலரெல்லாம் நிக்காதுன்னு அவருக்கே தெரியும், 1888ல தம்பி தியோவுக்கு எழுதுறாரு, அதனாலதான் இன்னும் முரட்டுத்தனமா அழுத்திப் போடணும், காலம் தன்னால மட்டுப்படுத்திடும்னு. தெரிஞ்சே போட்டவரப் போய் டப்பா ஏமாத்திடுச்சுன்னா எப்படி? இன்னொண்ணு, சுவர் ஊதான்னு எப்படித் தெரியும்? அதே வருஷக் கடுதாசில வெளிர் ஊதான்னு அவரே எழுதி வச்சிருக்காரு. கலர் போச்சு, வார்த்தை நின்னுச்சு.

நீலக்கல்:
வான்கோ தெற்கு பிரான்ஸ் ஆர்ல்ஸ் ஊர்ல நாணல் பேனால போட்ட டிராயிங்க கொஞ்சம் பாருங்க, கறுப்பா இருந்த மை பல படத்துல பழுப்பாயிடுச்சு. கடுதாசியையும் பத்திரமா இருட்டுல வைக்கச் சொல்லுங்க 😏