கரவாஜியோவின் 'புனித மத்தேயுவின் அழைப்பு': அந்த மேசையில் மத்தேயு யார்?

தூரிகைப்பித்தன்:
ரோமில் சான் லூயிஜி தெய் பிரான்சேசி தேவாலயம், கான்டரெல்லி சிற்றாலயம், இடப்பக்கச் சுவர். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1599–1600இல் வரைந்தது. வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு தன் சீடனாக அழைக்கும் காட்சி. மேசையைச் சுற்றி ஐந்து பேர். வலது ஓரத்தில் இயேசு கை நீட்டுகிறார், அவரை மறைத்தபடி பேதுரு. நடுவில் இருக்கும் தாடிக்காரர்தான் மத்தேயு என்றே வழக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அவருடைய இடக்கைச் சுட்டுவிரலைப் பாருங்கள். தன்னைக் காட்டுகிறவர் விரலை நெஞ்சை நோக்கி மடக்குவார். இந்த விரலோ நெஞ்சுக்குக் குறுக்கே பக்கவாட்டில் போகிறது. அந்தத் திசையில், மேசைக் கோடியில், தலை குனிந்து காசு எண்ணும் இளைஞன். "இவனையா?" என்கிறார் தாடிக்காரர். 1980களில் கலை வரலாற்றாளர் ஆந்திரயாஸ் பிராட்டர் இந்த வாசிப்பை முன்வைத்தபின் பலர் ஏற்றுக்கொண்டார்கள்.

சுண்ணச்சுவர்:
விரலை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இது தனிப்படம் இல்லை ஐயா, தொகுதி. எதிர்ச்சுவரில் மத்தேயுவின் மரணம், பீடத்தின் மேல் 1602இல் வந்த 'மத்தேயுவும் வானதூதரும்'. இரண்டிலும் மத்தேயு தாடி வைத்த முதியவர். மூன்றாவது சுவரில் மட்டும் மீசை முளைக்காத பையனா? ஒரே மனிதனின் வாழ்க்கையைச் சுற்றிலும் பார்க்க வருகிற பக்தனுக்கு அவனை எப்படி அடையாளம் தெரியும்?

அடுத்தது, இந்தச் சிற்றாலயத்துக்குப் பணம் கொடுத்த கர்தினால் மத்தேயோ கான்டரெல்லி, படம் எப்படி இருக்க வேண்டும் என்று விட்டுச்சென்ற குறிப்பு. சுங்க அலுவலகம் போன்ற கூடம், கணக்குப் புத்தகம், பணம், அந்தத் தொழிலுக்கேற்ற உடையில் மத்தேயு, இருக்கையிலிருந்து எழுந்து ஆண்டவரிடம் வர விரும்பும் பாவனை. கரவாஜியோ எழவிடவில்லை, அது அவருடைய துணிச்சல். ஆனால் குனிந்த தலையை நிமிர்த்தக்கூட இல்லாதவனை 'எழ விரும்புகிறவன்' என்று யாரிடம் காட்டிக் காசு வாங்கியிருப்பார்? 1599 ஜூலை ஒப்பந்தப்படி இரண்டு பக்கச்சுவர்ப் படங்களுக்கும் 400 ஸ்கூடி (அன்றைய ரோம் நாணயம்).

ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய பெல்லோரி 1672இல் எழுதியதும் இதுவே: காசு எண்ணுவதை விட்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து ஆண்டவர் பக்கம் திரும்புகிறார் மத்தேயு.

தூரிகைப்பித்தன்:
பெல்லோரி எழுதும்போது கரவாஜியோ இறந்து 62 வருஷம். அதோடு, எண்ணுகிறவன் இளைஞன், நெஞ்சருகே கை வைத்தவர் தாடிக்காரர். இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டார் மனுஷர்.

சுண்ணச்சுவர்:
தாடிக்காரரின் வலக்கையையும் பாருங்கள். இளைஞனின் கையை ஒட்டி, மேசைமேல், காசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவரும் கணக்கில் இருந்தவர்தான், பாதியில் நிறுத்தியிருக்கிறார். டச்சு ஓவியர் தெர்ப்ருகன் 1621இல் இதே காட்சியை வரைந்தார். ரோமில் இருந்து திரும்பியவர், கரவாஜியோ பாணியை உட்ரெக்ட்டுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். அதில் தாடிக்கார முதியவர் தன்னையே சுட்டுகிறார், சந்தேகத்துக்கே இடமில்லை. அந்தக் காலத்து ஓவியர் கண் இதை எப்படிப் படித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

காரீயவெள்ளை:
இருவரும் திரையில் நேர்முகமாகப் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள். படம் ஏறத்தாழ 3.2 × 3.4 மீட்டர், சிற்றாலயமோ குறுகலானது. வாசலில் நின்றால் படம் சாய்கோணத்தில்தான் தெரியும். இடச்சுவர் என்பதால் நமக்குக் கிட்ட வருவது படத்தின் இடது ஓரம், அதாவது காசு எண்ணும் இளைஞன். தூரத்து ஓரத்தில், பீடத்தின் பக்கமாக, இயேசு. தூரிகைப்பித்தன் கட்சிக்கு உருப்படியான வாதம் இதுதான். அவர் அதைச் சொல்லவே இல்லை.

ஒளி விஷயம் வேறு. படத்துக்குள் ஒரு சன்னல் இருக்கிறது, ஆனால் மங்கிய அதன் வழியே வெளிச்சம் வரவில்லை. ஒளி வலப்பக்கம் மேலிருந்து, இயேசுவின் தலைக்கு மேலாகச் சாய்வாக இறங்குகிறது. பீடத்துக்கு மேலுள்ள நிஜச் சன்னலும் அந்தத் திசையில்தான். எதிர்ச்சுவரின் 'மரணம்' படத்தில் ஒளி இடப்பக்கத்திலிருந்து வருவதற்கும் இதுவே காரணம். அந்தக் கற்றை முழுதாக விழுவது தாடிக்காரரின் முகத்தில்.

எக்ஸ்ரேயில் பேதுரு பின்னால் சேர்க்கப்பட்டவர் என்று தெரிகிறது. காரீய வெள்ளைச் சாயம் (ஈயம் கலந்த வெள்ளை) அடித்த இடம் எக்ஸ்ரேயில் வெளிறித் தெரியும், மண்நிறங்கள் அவ்வளவாகத் தெரியாது. அதனால் கறுப்பில் மூழ்கிய பகுதிகளில் என்ன மாறியது என்பதை எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். பேதுரு வந்தபின் இயேசுவில் தெரிவது முகமும் கையும் கொஞ்சம் பாதமும்தான். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மிக்கேலாஞ்சலோவின் ஆதாம் நீட்டிய அதே தளர்ந்த கை. அதைப் பேதுருவும் அரைகுறையாக நீட்டுகிறார், தாடிக்காரரும் நீட்டுகிறார். மூன்று கைகளும் ஒரே சங்கிலி. சங்கிலி தாடிக்காரரோடு முடிகிறதா, இளைஞன் வரை போகிறதா என்பதே கேள்வி.

தூரிகைப்பித்தன்:
போகிறது என்றுதான் சொல்கிறேன்!

சுண்ணச்சுவர்:
1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் திருவுருவங்கள் மக்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும், குழப்பக் கூடாது என்று விதித்தது. இறகுத்தொப்பியும் வாளுமாக 1600இன் ரோமானிய இளைஞர்களை உட்காரவைத்ததும் அதற்காகத்தான்: நேற்றுப் பார்த்த முகம், இன்று நடக்கும் அழைப்பு. அதே சிற்றாலயத்துக் கூரையில் ஓவியர் சேசரி தீட்டிய நளின மேனரிசத்தை (அதற்கு முந்தைய செயற்கை அழகுப் பாணி) பார்த்துவிட்டு கீழே வந்தால் வித்தியாசம் புரியும். இப்படி வெளிப்படையாகப் பேசுகிறவர் நாயகனை மட்டும் ஒளித்துவைப்பாரா?

காரீயவெள்ளை:
திரெந்து காலத்துப் படங்கள் எல்லாம் தெளிவாக இருந்தன என்பதும் மிகை. இதே பீடத்துக்கு இவர் தந்த முதல் மத்தேயுவை ஏற்கவில்லை, இரண்டாவதைத்தான் மாட்டினார்கள். மறுக்கப்பட்டது 1945இல் பெர்லினில் அழிந்துபோனது. விதி இருந்தது, இவர் அதை உரசிக்கொண்டேதான் வேலை செய்தார். நான் தாடிக்காரர் பக்கம்தான், முகத்தில் விழும் ஒளிக்காக. இணையப் பிரதிகளில் வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால் இளைஞனின் தலைமுடியும் தோளும் தேவைக்கு மேல் துலங்கும். அதை வைத்து வாதாடுகிறவர்கள் முதலில் கூட்டப்படாத பிரதி ஒன்றைத் தேடிப்பிடிக்கட்டும்.